ராணி ரோஸலினின் வலது முன்னங்கால்

சின்னசேலம்,
24-1-66.

அன்பு மகன் லூர்துராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் தங்கை கிரேஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடியும், மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் உன் சுகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, எங்கள் சுகத்தைக் கேட்டும் ஒரு வரி இல்லை. முதல் வரியிலேயே ஸ்டேஷன் ஜட்கா வண்டிக்கார மாயவன் இன்னும் வண்டி ஓட்டுகிறானா என்று கேட்டிருக்கிறாய். ஓட்டுகிறான். பஸ் வந்த பிறகு சவாரி பாதிதான், ஆனாலும் ஓட்டுகிறான்.

கிரேஸுக்கு வடக்கனந்தல் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் வாத்தியார், சாந்தமான முகம். கல்வராயன் மலையில் மழை நன்றாகப் பெய்ததால் இந்த வருஷம் அரிசி கொஞ்சம் கம்மி விலைக்குக் கிடைக்கிறது. உன் அப்பாவுக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மாட்டாஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் கம்பவுண்டர் வேலை பார்த்து ரிட்டையரான பிறகும் மலைக்கு மாட்டு ஊசி போடக் கூப்பிட்டால் போய்விடுகிறார். வீட்டு விசேஷம் இவ்வளவுதான். இனி உன் விசேஷத்துக்கு வருகிறேன்.

நீ எழுதுகிற ‘வெற்றிக் குளம்பு’ ரேஸ் தாளை நான் படிப்பதில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு சீசனாக ஒரு வாரம் விடாமல் படிக்கிறேன். மாயவனுக்கு எழுத்து தெரியாது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாளை வாங்கிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவான், நம்ம லூர்து எழுதினது, படிங்க டீச்சரம்மா என்பான், படித்துக் காட்டுவேன். படிக்கும்போதே சிவப்பு மையால் திருத்துவேன். பழக்கம். ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பேர் லூர்துராஜ், தாளில் உன் பேர் அசுவினி. அந்த அசுவினிக்கு ஒற்று எங்கே மிகும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அது போகட்டும். எழுதுகிற விஷயமாவது விஷயமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு குதிரை போன மூன்று ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தது, எத்தனை கிலோ பாரம் சுமந்தது, எத்தனை பர்லாங் ஓடியது, ஜாக்கி யார், காலைப் பயிற்சியில் எத்தனை விநாடி, எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறாய். பார்த்தால் பெரிய கணக்கு மாதிரி இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து நீ முடிவுக்கு வருகிற அழகைத்தான் சொல்ல வேண்டும். போன தடவை ஐந்தாவதாக வந்த குதிரை என்றால், அதை மறந்துவிடவும், அன்றைக்குத் தரை ஈரம் என்பாய். முதலாவதாக வந்த குதிரை என்றால், அதை நம்ப வேண்டாம், அன்றைக்குப் பாரம் கம்மி என்பாய். ஜெயித்தால் அசுவினி முன்பே சொன்னார், தோற்றால் ஜாக்கி ஏமாற்றினான். ஐந்தாம் வகுப்புப் பையன் வீட்டுப்பாடம் எழுதாததற்கு இதைவிட நல்ல காரணம் சொல்வான், கொஞ்சம் வெட்கப்பட்டும் சொல்வான்.

சும்மா திட்டுகிறேன் என்று நினைக்காதே. எட்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன், திங்கட்கிழமை பேப்பரில் வருகிற முடிவோடு ஒப்பிட்டேன். ஐம்பத்தாறு பந்தயத்தில் நீ முதலில் வரும் என்று சொன்ன குதிரை பதிமூன்று தடவை வந்தது. தரையும் பாரமும் பார்க்காமல், கூட்டம் எந்தக் குதிரைமேல் அதிகம் கட்டியதோ அதையே கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் பதினெட்டு தடவை வந்திருக்கும். உனக்கு நூற்றுக்கு இருபத்து மூன்று மார்க். என் வகுப்பில் அதற்குப் பெயில்.

ஆனால் தப்பாகச் சொன்னதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. தப்பாகச் சொல்கிறவன் உலகத்தில் நீ ஒருவன் இல்லை. டிசம்பர் பதினெட்டாம் தேதி நடந்ததைத்தான் நான் பேச வேண்டும். உன் அப்பா அன்றைக்கு நடந்ததை இன்று வரை வாய் திறந்து சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாயவன்தான் வந்து, மனசு கேக்கல டீச்சரம்மா என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

உன் அப்பாவுக்கு உன்னைப் பார்க்க ஆசை, நீ வந்து மூன்று வருஷமாகிறது. மாயவனுக்குக் கிண்டிக் குதிரைகளை ஒரு தடவை கண்ணால் பார்க்க ஆசை. இரண்டு பேரும் என்னிடம் விழுப்புரத்தில் துக்க வீடு என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருக்கிறார்கள். அந்த வாரத் தாளில் நீ ராணி ரோஸலின் என்ற பெட்டைக் குதிரையைக் கொட்டை எழுத்தில் போட்டு, பரிபூரண ஆரோக்கியம், தோற்க வழியே இல்லை என்று எழுதியிருந்தாய், வாசலில் நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். கிண்டியில் ஓடுவதற்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடக்கவிடுவார்களாம், இவர்கள் சீட்டு வாங்கி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்கள். ராணி ரோஸலின் ஒரு சுற்று வருவதற்குள் மாயவன் உன் அப்பாவின் கையைப் பிடித்து, “இன்னாங்க கம்பவுண்டரு, இது வலது முன்னங்கால ஊனும்போதெல்லாம் தலைய மேல தூக்குது பாருங்க, வலிய முழுங்கிக்கினு நடக்குதுங்க” என்று சொல்லியிருக்கிறான். உன் அப்பா அடுத்த சுற்றில் குனிந்து பார்த்திருக்கிறார். காலில் கட்டுப் போட்டிருந்ததாம், கட்டுக்கு மேலேயே பின்பக்க நரம்பு வில் மாதிரி வீங்கித் தெரிந்ததாம். அந்த ஒற்றைக் கண்ணாலேயே அவருக்குத் தெரிந்தது.

அப்போது நீ வேலிக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு, கழுத்தில் தூரப்பார்வைக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய மனுஷர்கள் நாலு பேரோடு வந்திருக்கிறாய். உன் அப்பா, டேய் லூர்து என்று கூப்பிட்டார். நீ வந்தாய். அவர் உன் சுகத்தைக்கூடக் கேட்காமல், முதலில் அந்தக் காலைத்தான் சொன்னார். “மாயவன்தான் மொதல்ல பாத்தான், நரம்பு போயிருக்குடா, ஓடனா அறுந்துடும், யார்னா கையில சொல்லி நிறுத்துடா” என்றார். நீ சிரித்தாய். கூட இருந்தவர்களில் ஒருவர் யார் இவர் என்று கேட்டதற்கு, “எங்க ஊர்ப் பக்கத்து ஆளு சார், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்” என்று சொன்னாய். அவர்களும் சிரித்தார்கள். நீ பொய் சொல்லவில்லை, கம்பவுண்டர்தான். இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே நீ போய்விட்டாய் என்று மாயவன் சொன்னான். மாயவனையும் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதே. நடை சுத்தமாக இருந்த வேறொரு குதிரையைப் பார்த்து ஐந்து ரூபாய் கட்டினானாம், அது நாலாவதாக வந்ததாம். எது நொண்டும் என்று தெரிந்தவனுக்கும் எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை.

ராணி ரோஸலின் முடிவுக் கம்பத்துக்கு இருநூறு கஜம் முன்னால் விழுந்தது. ஜாக்கிப் பையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. குதிரை மூன்று தடவை எழுந்திருக்கப் பார்த்ததாம், நாலாவது தடவைக்குள் இரண்டு பேர் துணித் தட்டி கொண்டுவந்து மறைத்துவிட்டார்களாம், பிறகு ஒரு துப்பாக்கிச் சத்தம். உன் அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பந்தயம் முடிந்து ஜனங்கள் கலைகிற வரைக்கும் நின்றிருக்கிறார். ஒருவேளை நீ திரும்பி வருவாய் என்று நின்றாரோ, குதிரைக்காக நின்றாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த வாரத் தாளில் நீ எழுதியிருந்தாய்: யாராலும் முன்கூட்டி அறிய முடியாத விபத்து. அந்த வரியையும் நான்தான் மாயவனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் தாளை என் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான். எனக்கு அப்போது காரணம் தெரியாது. இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சொன்னான்.

இத்தனைக்கும் பிறகு இப்போது உன் கடிதம். மாயவனை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டுமாம், சைதாப்பேட்டை அறையில் உன்னோடு தங்க வேண்டுமாம், சனிக்கிழமை தோறும் வேலி ஓரம் நின்று எந்தக் குதிரைக்குக் கால் சரியில்லை என்று உன் காதில் சொல்ல வேண்டுமாம், அதை அசுவினி தன் கணிப்பாக எழுதுவாராம், வெளியே தெரியக் கூடாதாம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவார் என்று கடைசியில் ஒரு வரி வேறு. உனக்கு வெட்கம் என்பது எந்த வயதில் விட்டுப்போனது? நான் எந்த வருஷம் உன்னைச் சரியாகக் கவனிக்காமல் போனேன்? வேலிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இப்போது அவர்கள் கண்ணை மட்டும் வாடகைக்குக் கேட்கிறாய்.

நான் எதையும் மறைக்கவில்லை. மாயவனை உட்காரவைத்து முழுவதும் படித்தேன். வேண்டாம் என்றான். சவாரி கம்மியான காலத்தில் நாலு காசு வருமே என்று நானே கேட்டும் பார்த்தேன். “அங்க வரமாட்டேன் டீச்சரம்மா, அந்தக் குதிர எழுந்திரிக்கப் பாத்துச்சி, அத்த நான் பாத்துக்கினு நின்னேன்” என்றான், அவ்வளவுதான். நான் படித்த நேரத்தில் உன் அப்பா உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பழைய கோட்டை வெளுத்து இஸ்திரி போட்டு வாங்கி வந்தார். எங்கே என்றேன். மெட்ராஸுக்கு என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அவன் உங்களைக் கூப்பிடவில்லை, மாயவனைத்தான் கூப்பிட்டான், உங்களை யாரென்று கேட்டவர்களிடம் அவன் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும் என்று கத்திவிட்டேன். அவர் கோட்டை மடித்து வைத்துக்கொண்டே, “அவனுக்குக் கால் பாக்கத் தெரியாது லூசி, நாலு சனிக்கிழம கூட நின்னா கத்துக்குவான், ஒரு குதிரயாச்சும் தப்பிக்கும்” என்றார். பிறகு, “கம்பவுண்டருன்னே சொல்லிக்கட்டும், அதனால இன்னா, அது நான் பாத்த வேலதானே” என்றார். உன்மேல் வைத்திருந்த கோபத்தை நான் அவர்மேல் கொட்டினேன், அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரன் வீட்டார் மூத்த பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டபோது, பத்திரிகையில் எழுதுகிறான் என்றேன். எந்தப் பத்திரிகை என்றார்கள். காப்பி ஆறுகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நிற்கும்போதுதான் தோன்றியது, நீ அங்கே செய்ததைத்தான் நானும் இங்கே செய்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடி வருகிறார்கள், எந்தத் தாள், என்ன பேர் என்று சொல்லிவிடப் போகிறேன். அதனால் வரன் போனாலும் போகட்டும் என்று கிரேஸே சொல்லிவிட்டாள்.

அப்பா வெள்ளிக்கிழமை ரயில் ஏறி சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்குவார். அவருக்கு ஹோட்டல் பூரி வேண்டாம், இட்லி வாங்கிக் கொடு. ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கம் வருகிற வண்டி அவருக்குத் தெரியாது, அந்தப் பக்கம் நீ நில். தினம் ஒரு தடவையாவது ஜெபம் சொல். மாதா உனக்குத் துணையிருக்கட்டும், உன் கண்ணும் உன் நாக்கும் ஒன்றாகட்டும் என்று நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். மறந்துவிடாதே, ரயில் வருவதற்கு முன்னாலேயே பிளாட்பாரத்தில் நில். உன்னைத் தெரிந்தவர்கள் நாலு பேர் அங்கே இருந்தால் ரொம்ப நல்லது. யார் இவர் என்று கேட்பார்கள். உன் அப்பா உன்னிடம் எதையும் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன். அவர்களுக்குப் பதில் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சூ. லூசி.