நாலு மணி இறக்கம்

6 டிசம்பர் 2005, செவ்வாய்

கா. 10: 29.85. மா. 4: 29.75. விட்டு விட்டு மழை. வடகிழக்குக் காற்று.

சமையலறை ஓடு மறுபடி ஒழுகல். வாளி வைத்தாயிற்று. கொத்தனார் நாளை வருகிறேன் என்று சொல்லி ஒன்பது நாள்.

ராஜன் கனடாவிலிருந்து போன். அங்கே பனிப்புயலாம், இரண்டு நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். பெருமை வேறு. அவன் ஊரில் காற்றழுத்தம் 28.40-க்கு இறங்கியதாம். "அப்பாவோட நோட்டுல ரொம்பக் குறைஞ்சது எவ்வளவும்மா? பாத்துச் சொல்லு. யார் ஊர் ரிகார்டு பெருசுன்னு பாப்போம்." கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல. எனக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

7 டிசம்பர், புதன்

கா. 10: 29.84. மா. 4: 29.73. மேகமூட்டம்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உப்பளத்தில் அவர் சூப்பர்வைசராக இருந்த காலத்து ரிஜிஸ்டர்கள், பதினொன்று. இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மீதி நன்றாக இருக்கிறது. அவர் போன பின் எழுதியவை என்னுடையவை, தனியாக அலமாரியில்.

அப்போதெல்லாம் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் அவர் சுவரில் மாட்டிய காற்றழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பார். கண்ணாடியை ஒரு தட்டு, பிறகு பென்சில். நாலு மணிக்கு முள் வழக்கமாகப் பத்துப் புள்ளி இறங்கும், 29.85 இருந்தால் 29.75. அது தினமும் நடப்பது, வெயிலானாலும் மழையானாலும். பதினைந்துக்கு மேல் இறங்கினால் பம்ப் ஷெட் கம்பத்தில் சிவப்புத் துணி. துணியைப் பார்த்தால் உப்புக் குவியலுக்குக் கீற்று கட்டும் ஆட்கள் கயிற்றைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இதுதான் அவர் வைத்த சட்டம். ரேடியோவை யாரும் நம்பவில்லை, துணியை நம்பினார்கள்.

மிகக் குறைந்தது கிடைத்தது. 28.90. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் வருஷப் புயல். அந்த எண் மட்டும் நான் எழுதியது, விடியற்காலை, பெட்ரூம் விளக்கு வெளிச்சத்தில். எழுத்து கோணல். கான்வென்ட்டில் எழுதச் சொல்லிக்கொடுத்த மதர் பார்த்திருந்தால் மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்.

அந்தப் புயலில்தான் கோவிந்தன் போனான். கீற்று கட்டப் போனவன், மூன்றாம் நாள் வாய்க்காலில் கிடைத்தான். துணி ஏற்றவில்லை என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தார். ரிஜிஸ்டரைக் காட்டினோம். முள் இறங்கவில்லை, துணிக்கு அவசியமே இல்லை. அப்படியென்றால் அவன் ஏன் அந்தக் காற்றில் நின்றான்? குடித்திருந்தான் என்று எழுதி முடித்தார்கள்.

அவன் மகள் அலமேலு அப்போது பத்து வயது. இப்போது உப்பளத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்குவது அவள்தான். தாய் செத்து மூன்று வருஷம். சாகும்வரை ஊரில் அவளுக்குப் பெயர், குடிகாரன் பெண்டாட்டி.

8 டிசம்பர், வியாழன். மாதா திருநாள்

கா. 10: 29.80. மா. 4: 29.68. பன்னிரண்டு.

பூசைக்குப் போனேன். பிரசங்கம் நீளம், சாரம் இல்லை. பஸ்ஸில் புயல் பேச்சு. போன வருஷம் கடல் உள்ளே வந்ததிலிருந்து ஒரு தூறல் விழுந்தாலும் கடலோரத்து அனுமந்தைக்காரர்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஐந்து மணிக்கு அலமேலு. வாசலில் நின்றபடியே பேச்சு. செருப்பைக் கழற்றவில்லை.

"உங்க முள்ளு இன்னா சொல்லுதும்மா? குவியலுக்குத் தார்ப்பாய் கட்ட ஆள வுடலாமா?"

பன்னிரண்டு புள்ளிதான், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"எங்கப்பா குடிச்சிட்டாரு, சரி. முள்ளு குடிக்காதில்ல?"

முப்பத்தொன்பது வருஷமாக இதே குத்தல். ரிஜிஸ்டர் பொய் சொல்லாது என்று நானும் அதே பதிலைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனாள்.

பிறகு ராஜனுக்கு எழுத அந்தப் புயல் பக்கத்தை நகலெடுத்தேன். 28.90-க்கு மேலே, முந்தின பகல்:

கா. 10: 29.71
மா. 4: 29.71

இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே.

நாலு மணிக்கு இறங்காத நாள் கிடையாது. ஒன்பது ரிஜிஸ்டரையும் புரட்டினேன். இரவுச் சாப்பாடு இல்லை. எட்டு, பத்து, பதினொன்று. ஒரு நாள்கூட பூஜ்யம் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும். புயல் வருகிற நாள் இன்னும் கூடத்தானே இறங்கியிருக்க வேண்டும்?

அவர் பார்க்கவில்லை. காலை எண்ணை அப்படியே எழுதியிருக்கிறார். எப்போது எழுதினார்? அன்று மாலையா, கோவிந்தன் கிடைத்த பிறகா?

விசாரணையில் அதிகாரி என்னையும் கேட்டார். நாலு மணிக்கு அவர் முள்ளைத் தட்டியதைப் பார்த்தேன் என்றேன். உண்மையில் அந்த நேரம் நான் புதுச்சேரியில் அக்கா வீட்டில் இருந்தேன். ஐந்தரை பஸ்ஸில்தான் வந்தேன். நடந்த ஒன்றுக்குச் சாட்சி சொல்வது பொய்யாகாது என்று நினைத்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டியது என்று தோன்றவுமில்லை.

ஊரில் யாராவது இரண்டு எழுத்தைப் பிழையாக எழுதினால் திருத்துகிறவள் நான்.

9 டிசம்பர், வெள்ளி

கா. 10: 29.76. மா. 4: 29.60. பதினாறு.

காற்று ஜன்னலை அறைகிறது. மூன்று முறை தட்டிப் பார்த்தேன். பதினாறுதான்.

சிவப்புத் துணி வீட்டில் ஏது? என் கல்யாணப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பட்டுத் துண்டு. கிழித்தேன். மாடிக் கைப்பிடியில் கட்டினேன், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறி. உப்பளத்திலிருந்து தெரியும்.

எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் போய் அலமேலுவிடம் சொன்னார்: அம்மா எல்லாரையும் ஏறச் சொல்லுகிறார். பாதித் தார்ப்பாய்தான் கட்டியிருந்தார்களாம். விட்டுவிட்டு ஏறினார்கள். இருபத்திரண்டு பேர். ஜன்னலில் நின்று எண்ணினேன்.

10 டிசம்பர், சனி

கா. 10: 29.70. மா. 4: 29.62. எட்டு.

மழை மட்டும். காற்று அடங்கிவிட்டது. புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதாம். நமக்கு வால்தான்.

தார்ப்பாய் பறந்து இரண்டு குவியல் கரைந்துபோனது. ஒரு வருஷ உப்பு, வாய்க்காலில்.

அலமேலு வந்தாள், நனைந்து. இந்த முறை உள்ளே வந்தாள். நான் நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை.

"அன்னைக்கு நீங்க சொல்லல, ஆளு போச்சு. இன்னைக்கு சொன்னீங்க, உப்பு போச்சு. உங்க வீட்டு முள்ளுக்கும் எங்களுக்கும் இன்னாம்மா பகை?"

சொல்லிவிட்டேன். ரிஜிஸ்டரை விரித்து அந்தக் கட்டத்தைக் காட்டினேன். அவளுக்கு எண் படிக்கத் தெரியும். இரண்டும் ஒன்றுதானே, அதுக்கு என்ன என்றாள். நேற்று, முந்தாநாள், இன்று என்று என் நோட்டைக் காட்டினேன். மேலே ஒன்று, கீழே குறைந்த ஒன்று. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்தபின் விரல் நின்றது.

ஐயா பார்க்கவில்லை என்றேன். பார்த்ததாக நான் சொன்னது பொய் என்றேன். உன் அப்பா குடித்திருக்கவில்லை என்பதை என்னால் சொல்ல முடியாது, ஆனால் துணி ஏற்றாததற்கு எங்களிடம் காரணம் கிடையாது என்றேன். இப்படித்தான் சொன்னேன், இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். தரையில் தண்ணீர்.

"என்னாண்ட எதுக்கு சொல்றீங்க? எனக்குத் தெரியாதா எங்கப்பன? திங்கக்கிழமை வரப்பு போட எல்லாரும் வருவாங்க. பம்ப் ஷெட்டாண்ட வந்து அவங்களாண்ட சொல்லுங்க. நாலு மணிக்கு வாங்க."

நாலு மணிக்கு நான் முள்ளைப் பார்க்க வேண்டும் என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"ஐயா பாத்த மாரியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

11 டிசம்பர், ஞாயிறு

கா. 10: 29.81. மா. 4: 29.71.

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் என்று சொல்லிக்கொண்டேன்.

ராஜன் போன். எல்லாம் சொன்னேன். "அப்பா பாவம்மா. ஒரு நாள் மறந்திருப்பார். செத்துப்போனவரை இழுத்து இப்ப என்னம்மா ஆகப்போகுது?"

அவர் பாவம். கோவிந்தன் பாவமில்லை. நல்ல வளர்ப்பு, என் வளர்ப்பு.

வைப்பதற்கு முன் கேட்டான்: "அந்த 28.90 மட்டும் நிஜம்தானே?" அது நான் பார்த்தது என்றேன். அப்போ கனடாதான் ஜெயிச்சுது என்றான்.

அவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. அன்று நாலு மணிக்கு எங்கே இருந்தார்? தூங்கினாரா? கூனிமேட்டில் சீட்டாட்டமா? இருபத்தேழு வருஷம் ஒரே வீடு. பெண்டாட்டிக்குத் தெரியாத ஒரு மணி நேரம்.

செய்ய வேண்டியவை:
கொத்தனார்.
வாளித் தண்ணீர் கொட்ட.
செருப்பு வார் தைக்க.
ரிஜிஸ்டரைப் பாலிதீன் பையில் சுற்ற.

12 டிசம்பர், திங்கள்

கா. 10: 29.86. நல்ல வெயில்.

மூன்றேகாலுக்குக் கிளம்பினேன். வரப்பில் வழுக்கல். யாரும் கை கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை அலமேலு காட்டினாள். உட்காரவில்லை. ரிஜிஸ்டரைப் பிரித்து, நின்றபடி, உரக்க வாசித்தேன். பிறகு என் பொய்யைச் சொன்னேன்.

ஒரு கிழவர் மட்டும், கோவிந்தனோடு வேலை செய்தவராம், "இன்னொரு வாட்டி சொல்லும்மா, காது கேக்கல" என்றார். இன்னொரு முறை சொன்னேன்.

மா. 4: பார்க்கவில்லை. கட்டம் காலி.