உன் அப்பாவின் இருமலும் லோசா அத்தையின் கோபமும்

என் செல்ல மகள் திரேசாவுக்கு,

நானும் உன் அப்பாவும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம், பன்றிகள்கூட எங்களைவிடக் கொழுகொழுவென்றே இருக்கின்றன, ஆக்லாந்துக் குளிரில் நீயும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று மாலை ஜெபத்தில் தினமும் உன் பெயரைச் சொல்கிறோம். புதிய ஆலயத்தின் பிரதிஷ்டை சனிக்கிழமை முடிந்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உன் அப்பாவைப் பற்றி. போனில் இத்தனை நாளும் உன்னிடம் மறைத்தோம், நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று பயம், அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இப்போது சொல்கிறேன், கோபப்படாதே.

ஈஸ்டருக்குப் பிறகு அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள் அல்லவா, அது உனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் இருமல் ஆரம்பித்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, தொண்டைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார், படுத்தால் இன்னும் மோசம். எலுமிச்சை இலை கொதிக்க வைத்துக் கொடுத்தேன், எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற அம்மாளை வரவழைத்தேன், அந்த அம்மாள் மூன்று நாள் உருவியதில் முதுகு வலியும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். பாட்டுப் பயிற்சியிலோ பெண்கள் குரல் அடங்கி அடிக்குரல் மட்டும் தனியாக இறங்குகிற இடம் வரும்போதுதான் இருமுவார், வேறு இடமே கிடைக்காதது போல. கடைசியில் பாட்டுக் குழுவை நடத்தும் சவுலோ வந்து, மிகவும் பணிவாக, பிரதிஷ்டை அன்று நீங்கள் சபையாரோடு உட்கார்ந்து கேளுங்கள், உடம்புதான் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனார். மீசை முளைத்த நாளிலிருந்து அடிக்குரல் பாடுகிற மனுஷன். அன்று தட்டில் வைத்த கிழங்கைத் தொடவே இல்லை. நெஞ்சில் ஏதோ பெரிய வியாதி என்றே நானும் நினைத்தேன்.

மருந்துக்கு அடங்காத இருமல் என்றால் நம் தீவில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா. அக்காள் மனம் நொந்திருக்கிறது, அதுதான் தம்பியின் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். எனக்கும் பொறி தட்டியது. உன் சித்தப்பா மகன் கல்யாணத்தில் பன்றியைப் பங்கு வைத்தபோது லோசா அத்தைக்கு உரிய பங்கை உன் அப்பா ஞாபகப் பிசகாகச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்காளுக்குப் போக வேண்டியது அக்காளுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து லோசா எங்கள் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. சரி, இதுதான் காரணம் என்று முடிவு கட்டி, நம் வீட்டில் இருப்பதிலேயே பெரிய பன்றியைச் சுட்டு, சமாதானக் காணிக்கையாகப் பெட்டியிலிருந்த நல்ல பாயையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் இவ்வளவு வேண்டாம், பாயைக் கையில் கொடுத்தால் போதும் என்று சொன்னேன், கேட்டாரா? ஏதோ கொலைக் குற்றத்துக்கு நம் ஊர் வழக்கப்படி மன்னிப்புக் கேட்பது போல, லோசா வீட்டு முற்றத்தில் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, வெயிலில் குனிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீடுகளெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கின்றன. லோசா உள்ளே கொக்கோ கலக்கிக்கொண்டிருக்கிறாள், நிமிரவில்லை. பாய்க்குள்ளிருந்து இருமல் வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது, பாயே குலுங்குகிறது. எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. திடீரென்று லோசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். பிறகு எழுந்து வந்து பாயைத் தூக்கினாள்.

"டேய் பிலிமோனி, பிரஷருக்கு மாத்திரை போடுறியா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"அதைப் போட ஆரம்பிச்ச அப்புறந்தானே இது வந்துச்சு? இது என் கோபம் இல்லடா, உன் மாத்திரை. போன வருஷம் பிரஷர் மாத்திரையால எனக்கும் இதே இருமல், இதே சத்தம். என் கோபம் கல்யாணம் முடிஞ்ச வாரமே தீந்து போச்சு, நீயா வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

உன் அப்பா உடனே, அப்படியானால் அந்தச் சனியனை இப்பவே கடலில் போடுகிறேன் என்று எழுந்தார். லோசா அவர் காதைப் பிடிக்காத குறை. நிறுத்துவதற்கு நீ டாக்டரா, இருமல் போகும், ஆனால் பாட நீ இருக்க மாட்டாய் என்று சத்தம் போட்டாள். அப்புறம் பன்றியை வெட்டி, அக்காள் பங்கை முதலில் தன் கையாலேயே எடுத்து வைத்துக்கொண்டாள், மீதியை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் அவளே மாத்திரை அட்டையையும் உன் அப்பாவையும் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள், நானும் போனேன். டாக்டர் சின்னப் பெண், நெஞ்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சிலருக்கு இந்த மாத்திரை இப்படித்தான் செய்யும், ஏன் முன்னாலேயே வந்து சொல்லவில்லை என்று கேட்டாள். தொண்டைக்கும் ரத்தத்துக்கும் என்னம்மா சம்பந்தம் என்றார் இவர். அவள் சிரித்துவிட்டு வேறு வகை மாத்திரை எழுதினாள். இருமல் உடனே நிற்காது, சில வாரம் ஆகலாம், ஆனால் எப்போதாவது உதடோ முகமோ வீங்கினால், மூச்சு முட்டினால் ஒரு நிமிஷமும் வீட்டில் உட்காராதீர்கள், நேரே இங்கே வாருங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டில் இருமலைக் காது கொடுத்துக் கேட்பதுதான் எனக்கு வேலை. குறைந்தது, குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. பிரதிஷ்டைக்கு முந்தின வாரம் சவுலோ மறுபடி வந்து, ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டு, பாட்டுக் குழுவின் வெள்ளைச் சட்டை தயாரா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை அந்த இடம் வந்தது. பெண்கள் குரல் அடங்கியது. பக்கத்தில் லோசா என் தொடையைக் கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. திரேசா, உன் அப்பாவின் குரல் தரைவரைக்கும் அப்படி இறங்கியது. ஒரு செருமல்கூட இல்லை. சவுலோ கையை இறக்கிய பிறகும் இவர் நிறுத்தவில்லை, மனுஷனுக்கு அவ்வளவு ஆசை மிச்சம் இருந்திருக்கிறது. நான் சந்தோஷத்தில் அழுதேன், வெட்கப்படவில்லை.

இப்போது உன் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சோடு பேச்சாக, டாக்டர் எனக்குக் கொடுத்த புது மாத்திரையைப் போட்டதிலிருந்து எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, பரவாயில்லை அம்மா என்று சொன்னாய். பரவாயில்லை என்று முடிவு செய்ய நீ யார்? நீயாக நிறுத்தவும் வேண்டாம், பல்லைக் கடித்துப் பொறுக்கவும் வேண்டாம், அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சொல். இதை லோசா அத்தையிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும் நாளில் அவள் உனக்குப் போன் செய்வாள். அதற்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடு, அதற்கு மேல் நான் பொறுப்பில்லை.

ஆண்டவர் உன் காலையும் கையையும் கண்ணையும் காக்கட்டும், நீ நின்ற இடத்தில் உறுதியாக நிற்பாயாக.

உன்னை நினைக்காமல் ஒரு வேளையும் சாப்பிடாத,
உன் அம்மா
சியேனி