214-ஆம் படத்தின் தலை

மார்ச் 3, திங்கள்

214-ஆம் படத்தில் இரண்டு தாரைகளும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, திரையில் வரும் விண்மீன் மண்டலங்களுக்குக் குறி போடுவது. ஒரு மண்டலத்தின் கருந்துளை விழித்திருந்தால் இரு பக்கமும் தாரை பீய்ச்சும். இரண்டு தாரை நுனிகளுக்கும் நடுவே பெரிதாக எது தெரிகிறதோ, அதற்கு 'விழிப்பு'. தாரை இல்லாததற்குத் 'தூக்கம்'. சுவரில் ஒட்டியிருக்கும் விதி இது. ஒன்பதாவதோடு நின்றவளை நம்பி இதைக் கொடுத்திருக்கிறார்களே, அதுவே பெரிது.

மார்ச் 4

பேருந்தைப் பிடிக்க ஒரு சின்னப் பெண் ஓடினாள். இரட்டைச் சடையும் பின்னால் பறந்தது. சடை நுனிகளுக்கு நடுவிலா தலை இருக்கும்? முன்னால் அல்லவா!

அப்படியென்றால் 214-இல் தாரை விடுவது நடுவில் இருக்கும் பெரிய மண்டலம் இல்லை. தாரைகள் கிளம்பும் இடத்தில், முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் குட்டி. ஐயோ.

மார்ச் 5

பழைய படங்களைத் திரும்பப் பார்த்தேன். என் பங்கிலேயே நாற்பத்தொன்று அப்படி.

என் குறிகளை வைத்துத்தான் ஆய்வாளர் அக்கா எடை போடுகிறார். ஒவ்வொரு மண்டலத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது. பெயர் ஒளிவட்டம், ஒளியே கிடையாது. அதைத்தான் எடை போடுகிறார். "முழிச்சிருக்கிறதோட ஒளிவட்டம் தூங்கறதைவிட ரெண்டு மடங்கு கனம்டி!" என்று போன வாரம் குதித்தார். வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்புகிறார்.

நான் தவறாகச் சேர்த்த பெரிய மண்டலங்களின் கனமோ அது? சொன்னால் வேலை போய்விடுமோ? சொல்லாவிட்டால்?

மார்ச் 6

அம்மா: "தப்புன்னு தெரிஞ்சும் உனக்குத் தூக்கம் வருமா? போய்ச் சொல்லுடி."

அண்ணன்: "வேலை போச்சுன்னா கருந்துளைக்கு வாட்ச்மேனா போ. உள்ள போனவன் எவனும் திரும்ப மாட்டான், ஈஸி வேலை."

சொல்ல வாய் வரவில்லை. ஒரு தாளில் ஓடும் பெண்ணை வரைந்து, கீழே நாற்பத்தொரு எண்களையும் எழுதி, அக்காவின் கீபோர்டு மேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 7

அக்கா தாளோடு வந்தார். "இன்னைக்கு அனுப்பல," என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 20

மற்றவர்கள் பங்கையும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் மாற்றி எடை போட்டதில் இரண்டு மடங்கு, ஒன்றரை மடங்காகிவிட்டது.

"அரை மடங்கைத் தின்னுட்டியேடி, பாவி!" என்று அக்கா சிரித்தார். பிறகு மெதுவாக, "மிச்சம் இருக்கிறது நெஜம். அனுப்பின பிறகு தெரிஞ்சிருந்தா என் கதி?" என்றார். எனக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.

யாருக்கெல்லாம் நன்றி சொல்ல! அக்காவுக்கு, அம்மாவுக்கு, பேருந்துக்கு ஓடிய அந்தப் பெண்ணுக்கு. அவள் பேருந்தைப் பிடித்தாளா, பாவம்?

நாளை விதியை மாற்றுகிறார்கள். குறி போடும் எல்லாருக்கும் நானே விளக்க வேண்டுமாம். ஐந்து பேர் முன்னால். நானா!

மார்ச் 21

பள்ளியை விட்டதிலிருந்து ஒற்றைச் சடைதான். காலையில் கண்ணாடி முன் நின்று அதை அவிழ்த்தேன். இரண்டாகப் பின்னிக்கொண்டு கிளம்பினேன்.