கரிசல் காட்டில் ஒரே வீடு

சிவகாசி
5.2.2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

முத்துக்கிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். நீங்கள் போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம்.

போன வாரம் மல்லாங்கிணறில் இடம் அளக்க வந்தவரை விரட்டிவிட்டீர்களாம். "உங்க அண்ணாச்சி நாயை அவுத்து விடாததுதான் மிச்சம்" என்கிறார். விஷயம் இதுதான். ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அலுமினியப் பவுடர் கம்பெனி போடுகிறேன். பட்டாசுக்கு அது இல்லாமல் முடியாது. இப்போது தூரத்திலிருந்து வரவழைக்கிறோம். நம் கரிசல் காடு எல்லா வகையிலும் பொருந்துகிறது. ஆனால் பக்கத்தில் ஆள் குடியிருந்தால் அனுமதி கிடைக்காது. அங்கே இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான்.

இங்கே வந்துவிடுங்கள் அண்ணே. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. ஐஸ்வர்யா கல்யாணமாகிப் போன பிறகு வீடே வெறிச்சென்று இருக்கிறது.

தம்பி
முத்துக்கிருஷ்ணன்

மல்லாங்கிணறு
12.2.2024

தம்பி முத்துக்கிருஷ்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. என் உடம்பு எப்படி என்று கேட்க மறந்துவிட்டாய். காட்டின் உடம்பு நன்றாக இருக்கிறது.

வேதியியல் முதுகலை முடித்து வந்த வருஷம் இதே காட்டைத்தான் அப்பாவிடம் சொன்னேன். அலுமினியப் பவுடருக்கு ஈரம் ஆகாது. இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்த காற்று. சரக்கு வாங்குகிறவர்கள் பக்கத்தில். தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சாலை வசதி. எல்லாவற்றுக்கும் மேலாக, தீப்பிடித்தால் பக்கத்தில் சாவதற்கு ஆள் இல்லை. அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "ஏலே, படிச்சவன் பேச்சைக் கேட்டுக் காட்டுக்குள்ள கம்பெனி வச்சா, வேலைக்கு ஓணானா வரும்?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பாகம் பிரித்தபோது அப்பாவின் பட்டாசுக் கம்பெனியும் காடும் உனக்குப் போயின. காட்டோரம் ஒரு வீட்டடி எனக்கு விழுந்தது. ஆள் இல்லை என்று நான் சொன்ன இடத்தில் இப்போது ஆள் நான்தான்.

ஒன்று கேட்கிறேன். உன் வீட்டுக்கு வரச் சொல்கிறாயா, இங்கிருந்து போகச் சொல்கிறாயா?

இப்படிக்கு
ஆ. ரத்தினசாமி, எம்.எஸ்ஸி.

சிவகாசி
20.2.2024

அன்புள்ள அண்ணே,

ரெண்டும்தான். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். "கம்பெனி போடலேன்னா அவுகளைக் கூப்பிட்டிருப்பீகளா?" என்று வீட்டில் சொர்ணலட்சுமியும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"மூத்தவுக வீம்பை அள்ளி அரைச்சாப் போதும், பவுடர் மில்லே வேண்டாம்" என்று கேலி வேறு. ஆனால் மாடி அறை ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருப்பது அவள்தான். "அவுகளுக்கு வெயில் ஆகாதுல்லா" என்றாள்.

கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மேல் கூட்டாளி பொறுக்க மாட்டார். உடம்பு எப்படி இருக்கிறது?

முத்து

சிவகாசி
18.4.2024

அண்ணன் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எட்டயபுரம் பக்கம் இடம் முடித்துவிட்டோம். துறைமுகம் இன்னும் பக்கம். சுற்றிலும் ஒரு குடிசைகூடக் கிடையாது. இனி உங்கள் வாசலில் யாரும் டேப்போடு வந்து நிற்க மாட்டார்கள். நிம்மதியாக இருங்கள்.

முத்துக்கிருஷ்ணன்

மல்லாங்கிணறு
25.4.2024

தம்பி முத்துவுக்கு,

எட்டயபுரம் தப்பான இடம் இல்லை. ஆனால் கடற்காற்று அந்தப் பக்கம் எட்டும். ஐப்பசி, கார்த்திகையில் டிரம்களை மூடியே வைக்கச் சொல். அரைக்கிற கொட்டகையும் சரக்கு வைக்கிற கொட்டகையும் தள்ளித் தள்ளி இருக்கட்டும். உன் கூட்டாளி இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார், விடாதே.

அன்று பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. ஆயிரம் கோபம் இருக்கிறது, அது வேறு. நடுவில் காடு இருந்தவரை உன் அழைப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் தெரியவில்லை என்றுதானே எழுதியிருந்தாய்?

இப்போது காட்டுப் பேச்சு இல்லை. இனி நீ கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். கூப்பிட்டுப் பாரேன்.

உடம்பு பரவாயில்லை. முழங்கால் மட்டும் வலிக்கிறது. மாடி ஏற முடியும்.

அண்ணன்
ரத்தினசாமி

மல்லாங்கிணறு
30.6.2024

அன்புள்ள முத்து,

சீசன் வேலை தொடங்கியிருக்கும். லோடு, ஆர்டர் என்று அலைவாய். கடிதம் எழுத நேரம் இருக்காது. போன் செய்தாலும் சரி, எடுப்பேன். சார்ஜ் போட்டுக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாலை நிறுத்தியிருந்தேன். இன்று காலை வெள்ளைத்தாய் தூக்குவாளியோடு வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, போறேன் போறேன்னீக, இன்னும் இங்கனதான் இருக்கீக? இம்புட்டு நாளா வெறுங்காப்பியா குடிக்கீக? பால் ஊத்தவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

ஊற்றச் சொல்லிவிட்டேன்.

அண்ணன்