தரை தொடாத நெற்றி

17-8-1956, வெள்ளி.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் இன்று என் முதுகெலும்புப் படத்தைப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தால் கால் மரத்துப்போவது நிற்கலாம், நிற்காமலும் போகலாமாம். வேண்டாமென்றால் மூன்று மாதம் மாவுக்கட்டோடு பலகையில் படுக்க வேண்டுமாம்.

“எதைச் செஞ்சா தொழுகைல குனியறப்ப, சுஜூதுல, நெத்தி தரையைத் தொடும், டாக்டர்?” என்றேன்.

அவர் வாய் திறப்பதற்குள் துணைக்கு வந்த மச்சான் குறுக்கே விழுந்தார். “இதெல்லாமா டாக்டராண்ட கேப்பாங்க? இப்ப மாதிரியே நாற்காலில குந்திக்கினு தொழுதா இன்னா?”

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பழவேற்காடு வந்து சேர்வதற்குள் மச்சானே ஆபரேஷன் என்று முடிவு கட்டிவிட்டார். அவருக்கென்ன? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் எல்லோரும் குனியும்போது நான் ஒருவன்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வரிசை வரிசையாக முதுகுகள். எவ்வளவு சுலபமாக வளைகின்றன.