தலைக்கு ஊற்றிய தண்ணீர்

அச்சரப்பாக்கம்

அன்பு மகன் கார்த்திக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை வேண்டா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதனால்தான் கடிதம். போன வாரம் குழம்பு கருகி வீடெல்லாம் புகை, அப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவருக்கு வாசனையே தெரியவில்லை, அதை முதலில் கவனித்தது வேண்டாதான். அப்பா பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தையல் பிரித்ததும் உன் மாமா வந்து, அம்மை இறங்கியவருக்குச் செய்வதுபோல வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார், அன்றோடு குணமாகிவிட்டது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது, மண்டைக்குள் பட்ட அடிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. பேசும்போதே வார்த்தை மறந்துபோகிறது, உப்பு குறைந்தால் தட்டு பறக்கிறது. மாமா அதற்கு வைத்த பெயர் ஆம்பளைக் கோபம். பகலெல்லாம் தூங்கினால் ஓய்வு, வலிப்பு வந்தால் மயக்கம். வலிப்பு என்று வெளியே தெரிந்தால் வேண்டாவுக்கு மாப்பிள்ளை வராதாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, வண்டி தொடக் கூடாது என்றார் டாக்டர். "தலிக்கு ஊத்தியாச்சு, இன்னும் இன்னாத்துக்கு மாத்திர" என்றார் மாமா. டாக்டர் அத்தனை வருஷம் படித்தது ஒரு குடம் தண்ணீரில் போயிற்று.

இப்போது நீ வேறு வேன் முதலாளி முத்துசாமியிடம் பேசி, அப்பாவை மறுபடி டூரிஸ்ட் வேன் ஓட்டச் சேர்த்துவிட்டிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை, உன்னிடமும் மயக்கம் என்றுதானே சொன்னோம். முத்துசாமி வந்து சாவியையே கொடுத்துவிட்டுப் போய்விட்டார், திங்கட்கிழமை முட்டுக்காட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போக வேண்டுமாம். வழியில் அந்த மயக்கம் வந்தால் என்ன செய்வது, மாமாவைக் குடத்தோடு பக்கத்து சீட்டில் உட்காரவைப்பதா. நீ முத்துசாமிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல், காரணம் மட்டும் சொல்லாதே. நீயும் வண்டி எடுத்தால் ஹெல்மெட்டைக் கையில் மாட்டாமல் தலையில் போடு. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
கல்யாணி

அண்ணா, இது நான் எழுதுவது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தாள். கடிதம் உன் கைக்கு வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும். சாவியை எடுத்துக்கொண்டு முத்துசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் டிரைவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். எங்கப்பாவுக்கு வலிப்பு வருது, வண்டி குடுக்காதீங்க என்றேன். "இன்னாம்மா சொல்ற, காதுல வுழல" என்றார் அவர். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.