பொருக்கு உடைந்த மைதானம்

பிப்ரவரி 9
இந்த மாதமும் தூசி அளக்கும் கருவியில் ஒன்றும் சிக்கவில்லை. பருவத்தில் பெய்த மழையில் மைதானத்துப் புல் வேர் பிடித்து நிற்கிறது. காய்ந்த மண்ணின் மேல் பாலாடை மாதிரி பொருக்கு கட்டியிருக்கிறது. காற்று எவ்வளவு வீசினாலும் மண் கிளம்பவில்லை. ஆனால் இயக்குநரின் அறிக்கைப்படி இதெல்லாம் எங்கள் தூசித் தடுப்புத் திட்டத்தின் சாதனை. திட்டம் என்ன செய்தது? பலகை வைத்தது.

என் மகள் பாப்பாவுக்கு மூச்சிழுப்பு வரவில்லை. நன்றாகத் தூங்குகிறாள். சாதனையை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 14
சாதனைக்கு விழாவாம். புல்வெளியிலேயே. துறைச் செயலர் வருகிறார்.

பிப்ரவரி 17
இயக்குநர் மைதானத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னய்யா, காஞ்ச புல்லும் கட்டாந்தரையுமா? நாற்காலி எங்க போடறது? மெஷின விட்டு வழிச்சுடுங்க."

"சார், பொருக்கு உடைஞ்சா மண்ணு பொடியாயிடும். லேசா காத்தடிச்சாலே கிளம்பும். எங்க குடியிருப்பு வேற காத்துக்கு நேரா இருக்கு."

"காத்த அன்னைக்கு லீவு போடச் சொல்லு" என்று அவரே சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். தூசி அடங்கியதால் திட்டம் மார்ச்சோடு முடிகிறது. என் ஒப்பந்தமும். அவர் மனது வைத்தால்தான் வேறு வேலை.

பிப்ரவரி 20
வழித்தாயிற்று. கால் வைத்தால் மாவாகப் புதைகிறது.

பிப்ரவரி 23
செயலர் "தூசியே இல்லாத இந்த மண்ணில்" என்று தொடங்கினார். காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை; போன மாதம் இதைவிடப் பலமாக அடித்தபோது ஒரு துகள் அசையவில்லை. இன்றைக்குப் புழுதியில் மேடையே காணாமல் போய்விட்டது. செயலர் வாயைப் பொத்திக்கொண்டு காருக்கு ஓட, இயக்குநர் பின்னாலேயே ஓடி நினைவுப் பரிசை ஜன்னல் வழியாகத் திணித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் பாப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். சிரித்தேனே, பாவி.

பிப்ரவரி 25
இன்னும் ஆஸ்பத்திரியில். மனைவி என்னோடு பேசவில்லை.

மார்ச் 2
வீட்டுக்கு வந்துவிட்டோம். புழுதி நின்றபாடில்லை. ஜன்னலெல்லாம் ஈரத்துணி. மனைவி இன்றுதான் வாயைத் திறந்தாள். "இது எப்பதாங்க அடங்கும்?"

நல்ல மழை பெய்து பொருக்கு கட்ட வேண்டும், புல் திரும்ப வர வேண்டும் என்று விளக்கினேன்.

"அதுவரைக்கும் இவ மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

மார்ச் 9
இயக்குநரின் புது அறிக்கை: தூசி அபாய அளவைத் தாண்டிவிட்டது, திட்டத்தை மூன்று ஆண்டுகள் நீட்டிக்க வேண்டும். கேட்ட கையோடு ஒப்புதல் வந்துவிட்டது. காரணம்? "இயற்கை" என்று எழுதியிருக்கிறார். என் ஒப்பந்தமும் நீண்டது. "உன் கருவிதான்யா நம்மளக் காப்பாத்துச்சு" என்று தட்டிக்கொடுத்தார். நன்றி சொன்னேன். என்ன பிழைப்பு இது.

மார்ச் 15
மனைவி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பாப்பா போனில் பேசினாள். "அப்பா, இங்க நான் மாடிப்படி ஓடியே ஏறுறேன். எப்ப வந்து கூட்டிட்டுப் போவ?"

"மழை பெய்யட்டும்டா. உடனே வர்றேன்."

"மழை பெஞ்சா உனக்கு வேலை போயிடும்னு மாமா சொன்னாரு. அப்ப மழை வேணாமாப்பா?"

வேண்டும் என்றுதான் சொன்னேன். அதற்கு ஏன் எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று?